சுருட்டு, ஜல்லிக்கட்டு, சதிர்... மூன்று தடைகளைப் பார்த்த விராலிமலை!

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனதும் சாலையோரத்தில் ஒரு பாறைக்குன்று எழுந்து நிற்கும். உச்சியில் முருகன் கோயில். காரில் போகிறவர்களில் பலர் கண்ணாடியை இறக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே மதுரைக்குப் போய்விடுவார்கள். பேருந்தில் வருகிறவர்கள் இறங்கி, டீ குடித்து, 207 படிகளில் ஏறிச் சாமி பார்த்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பார்கள். குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ஊரை நின்று பார்க்கிறவர்கள் குறைவு.

பல தரப்பு மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்றால் சென்னையின் சௌகார்பேட்டையையும் மண்ணடியையும்தான் எழுதுவது வழக்கம். விராலிமலை அந்த அளவுக்குப் பெரியது இல்லை. ஒரு தாலுகா தலைநகர், அவ்வளவுதான். ஆனால் இந்த அடிவாரத்தில் குடியிருப்பவர்களின் கணக்கை எடுத்தால் ஒரு நகரத்துக்கான சரக்கு இருக்கிறது. கோயிலை நம்பி வாழ்கிறவர்கள், ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற சம்சாரிகள், ஆலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள், வடமாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவர்கள், ஒரு காலத்தில் மலைக்கோயிலில் ஆடிய பெண்களின் வழிவந்தவர்கள். அப்புறம், வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் மயில்கள்.

ஊருக்குள் மயில், ஊருக்கு வெளியே ஆலை

'விராலி' என்பது வறண்ட மலைகளில் வளரும் ஒரு புதர்ச்செடி. அது நிறைந்திருந்த மலை என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். இன்று விராலிச் செடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மயிலைத் தேட வேண்டாம். பாறை மேலும் மரக்கிளையிலும் வீட்டு மொட்டை மாடியிலும் அது பாட்டுக்கு நிற்கும். அகவல் சத்தத்துக்கு ஊர்க்காரர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செல்போனை எடுப்பவர் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

மயில் முருகனின் வாகனம் என்பதால் இங்கே அதற்குத் தனி மரியாதை. 1963-ல் அது தேசியப் பறவை ஆனது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு. ஆனால் விதைத்த கடலையை மயில்கூட்டம் கிளறிப்போட்டுவிட்டுப் போனால், அந்தக் கொல்லைக்காரருக்கு வாகனமும் தெரியாது, தேசியப் பறவையும் தெரியாது. அடிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. வானம் பார்த்த பூமியில் ஒரு போக விதைப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. பக்தியும் எரிச்சலும் ஒரே வீட்டுக்குள் இருப்பது விராலிமலையில் சகஜம்.

புதுக்கோட்டைச் சீமை ஏரியையும் கண்மாயையும் நம்பிய சீமை. பக்கத்தில் காவிரி ஓடும் திருச்சியின் பச்சை இங்கே வருவதற்குள் மறைந்துவிடும். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் இந்த விராலிமலைப் பக்கத்துக் குன்னத்தூரில்தான். கால்வாயில் தண்ணீர் வரும் வரை விவசாயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத வீடுகள், வீட்டுக்கு ஒருவரை ஆலைக்கு அனுப்பிவிட்டன. வடுகபட்டியில் ஐ.டி.சி-யின் ஆலை இருக்கிறது. சன்மார் குழுமத்தின் வார்ப்பட ஆலை இருக்கிறது. திருச்சி 'பெல்' நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் மாத்தூர்ப் பக்கம் இருக்கின்றன. கோயில் நடை திறக்கும் நேரமும் காலை ஷிஃப்ட் வேன் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. பூக்கூடையோடு வருகிறவரும் டிபன் பாக்ஸோடு நிற்கிறவரும் ஒரே டீக்கடையில்தான் நிற்க வேண்டும். வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழும் அந்த மாதிரிக் கடைகளில்தான்.

மாவட்டத்தில் பல இடங்களில் பாறைகள் வெடிவைக்கப்பட்டு ஜல்லியாக லாரி ஏறிவிட்டன. இந்தக் குன்றை யாரும் தொடவில்லை. மேலே ஒருவர் வேல் பிடித்து உட்கார்ந்திருப்பது ஒரு பெரிய பாதுகாப்பு.

கோவலன் காலத்துச் சாலை

வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவது இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. விராலிமலையிலிருந்து மதுரைச் சாலையில் சில கிலோமீட்டர் போனால் கொடும்பாளூர். சிலப்பதிகாரத்தில் உறையூரைத் தாண்டி மதுரைக்குப் போகும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழி சொல்கிற இடத்தில் வரும் 'கொடும்பை' இதுதான். அங்கேதான் மதுரைக்கான பாதை மூன்றாகப் பிரியும் என்று வழி சொல்பவர் விளக்குவார். பின்னாளில் இருக்குவேளிர் அங்கிருந்து ஆண்டார்கள். அவர்களில் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் இரண்டு தேவியர் பெயரிலும் எடுத்த மூவர் கோயிலில் இரண்டு கோயில்கள் இன்றும் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம்.

இன்னொரு பக்கம் ஆவூர். 17-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைப் பாதிரியார்களின் முக்கியமான மையம். அங்கிருந்து பிரெஞ்சுப் பாதிரியார்கள் எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சாகிப் பரவின. பஞ்சமும் படையெடுப்பும் சாதிச் சண்டையும் எப்படியிருந்தன என்பதை அந்தக் காலத்துப் பாரிஸ்வாசிகள் இந்தச் செம்மண் காட்டிலிருந்து போன கடிதங்களில் படித்திருக்கிறார்கள்.

அருணகிரிநாதரும் வழிப்போக்கராக வந்தவர்தான். வயலூரில் இருந்தவரை 'விராலிமலைக்கு வா' என்று முருகனே கூப்பிட்டதாகவும், வழி தெரியாமல் நின்றவருக்கு வேடன் வடிவில் வந்து வழிகாட்டியதாகவும் கோயில் வரலாறு சொல்கிறது. இந்தத் தலத்துக்கு அவர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் உண்டு.

சாமிக்குச் சுருட்டு

விராலிமலையைப் பற்றிக் கேள்விப்படாதவர்களும் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கே முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சுருட்டு வைப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆறு முகத்தோடு வள்ளி தெய்வானை சமேதராக மயில்மேல் வீற்றிருக்கும் சண்முகநாதருக்குச் சுருட்டு என்பதுதான் கேட்கிறவரை ஒரு நிமிடம் நிறுத்துகிறது.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொதுவானது இது. குமாரவாடி ஜமீனில் பொறுப்பிலிருந்த கருப்பமுத்துப் பிள்ளை என்பவர் விராலிமலை முருகனின் தீவிர பக்தர். தவறாமல் வந்து தரிசிக்கிறவர். ஒருநாள் கடுமையான மழை, ஆற்றில் வெள்ளம். கரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றவருக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு. அப்போது யாரோ ஒருவர் வந்து பேச்சுக் கொடுக்கிறார், சுருட்டும் நெருப்பும் கைமாறுகின்றன, அவர் துணையோடு ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஆளைக் காணோம். மலையேறிப் போய்ப் பார்த்தால், சந்நிதியில் சுருட்டு. அன்றிலிருந்து சுருட்டு நைவேத்தியம் ஆயிற்று.

பின்னால் ஒரு புதுக்கோட்டை மன்னர் இதைக் கேள்விப்பட்டு, 'கோயிலில் சுருட்டா?' என்று தடை போட்டாராம். முருகன் அவர் கனவில் வந்து, ஒருவருக்கொருவர் உதவி செய்வதைக் காட்டும் வழக்கம் இது, நிறுத்தாதே என்று சொல்ல, மறுநாளே தடை விலகியதாம். சாமியே ஆஜராகி வாதாடினால் எந்தத் தடைதான் நிற்கும்!

சுருட்டு இந்த ஊரில் எப்படி வந்து சேர்ந்தது என்று வியக்கவும் வேண்டியதில்லை. வடக்கே 30 கிலோமீட்டரில் இருக்கும் உறையூர், சுருட்டுக்குப் பேர்போன ஊர். 'டிரிச்சினாப்பள்ளி சுருட்டு' கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. 1887-ல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். லண்டன் துப்பறிவாளர் வரை போன சரக்கு பக்கத்து ஊர் முருகனிடம் வந்ததில் என்ன அதிசயம்? இதைச் சொன்னதும் வயதில் சின்னவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. புகைப்பது சாமிக்குரிய வழக்கம். நமக்கு டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

ஒரே நாளில் 1,353 காளைகள்

இரண்டாவது தடை சுருட்டுக் கதை போலக் கனவில் முடியவில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. வாடிவாசல்கள் நிறைந்த புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அந்தத் தீர்ப்பு நேராக வீட்டுக் கொட்டகையில் வந்து இறங்கியது. ஜல்லிக்கட்டுக் காளை ஏர் இழுக்காது, வண்டி இழுக்காது. ஆண்டு முழுவதும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு வளர்ப்பது தையில் அது வாடியை விட்டுப் பாயும் சில விநாடிகளுக்காக. அந்த விநாடிகள் இல்லை என்றால், கட்டிப்போட்டுத் தீனி போடுவதா, விற்பதா என்று யோசிக்க வேண்டும். விற்றால் மணப்பாறைச் சந்தைக்குப் போகும் மாடு எங்கே போய் முடியும் என்பது வளர்த்தவருக்குத் தெரியும்.

2017 ஜனவரியில் மெரினாவிலும் தமிழகம் முழுவதும் இளைஞர்கள் கூடினார்கள். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது, இரண்டே நாளில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

தடை விலகிய இரண்டாவது ஆண்டில் விராலிமலை அதைக் கொண்டாடிய விதம் நாடு முழுக்கச் செய்தியானது. 2019 ஜனவரி 20 அன்று அம்மன்குளத்தில் பட்டமரத்தான் கோயிலை ஒட்டி நடந்த ஜல்லிக்கட்டில் 1,353 காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. ஒரே களத்தில் ஒரே நாளில் இத்தனை காளைகள் என்பது உலக சாதனையாகப் பதிவானது. அதே நாளில் காளை முட்டி, பார்வையாளர்கள் இருவர் உயிரிழந்தார்கள். சாதனையைக் கேட்டால் யாரும் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டு பேரைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. மாடுபிடிக்கிறவர் களத்துக்குள் போகும்போது தன் உயிரைத் தெரிந்தே வைக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவர் அப்படி எதையும் வைக்கவில்லை. கூட்டத்துக்கும் காளைக்கும் இடையிலுள்ள தடுப்புதான் இந்த விளையாட்டில் முதலில் பேசப்பட வேண்டிய விஷயம்.

முப்பத்திரண்டு பேர் ஏறிய படி

மூன்றாவது தடை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது இல்லை.

விராலிமலைக் கோயிலில் 32 தேவதாசிகள் இருந்தார்கள். மலையேறி, சந்நிதியில் ஆடிப் பாடி, கும்ப ஆரத்தி எடுப்பது அவர்கள் கடமை. அந்த ஆட்டத்துக்குப் பெயர் சதிர். ஆடுகிறவரே பாடவும் வேண்டும் என்பது அதன் சிறப்பு. இன்றைய மேடையைப் போல, ஓரத்தில் ஒருவர் பாட நடுவில் ஒருவர் ஆடுவது அல்ல. இந்த ஊருக்கென்றே 'விராலிமலைக் குறவஞ்சி' இருந்தது. முத்துப்பழனிக் கவிராயர் எழுதியது. சிவராத்திரி இரவுகளில் அதை ஆடினார்கள். குறத்தி வந்து மலைவளம் சொல்லி, தலைவிக்குக் குறி சொல்கிற கதை. மேலே நிற்கும் மலையைப் பாட்டில் கேட்டபடி, அதே மலையடியில் உட்கார்ந்து ஊர் பார்த்திருக்கிறது. சமஸ்தானத்து பேண்டு வாத்தியத்தின் வாடை வீசும் 'நோட்டு' மெட்டுகள்கூட இவர்கள் ஆட்டத்தில் உண்டு. பழையது என்றால் தூசி படிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்கள் காலத்தின் புதிய இசையையும் சலங்கைக்குள் கொண்டுவந்தவர்கள்.

அந்த 32 பேரில் கடைசியாக இருந்தவர் ஆர். முத்துக்கண்ணம்மாள். தந்தை ராமச்சந்திர நட்டுவனாரிடம் கற்றவர். ஏழு வயதில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டார். புதுக்கோட்டையை ராஜகோபாலத் தொண்டைமான் ஆண்ட காலம் அது. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் மாறியது. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. பொட்டுக் கட்டுவதும் நின்றது, கோயில் ஆட்டமும் நின்றது.

இந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அவர் தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அதாவது அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை மகள் வெளியிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. ஏழு வயதுக் குழந்தையின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் தீர்மானிக்கிற வழக்கம் நிற்கத்தான் வேண்டும் என்றார். அவரைப் போலவே போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்தான். அவர்கள் சொன்னது சரி. இன்று படிக்கிற எந்தப் பெண்ணும் அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

ஆனால் சட்டம் போட்டவர்கள் கணக்கில் கொள்ளாத ஒன்று இருந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்த நாள் சோறு எங்கிருந்து வரும்? பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் அப்போதே இதை எதிர்த்து எழுந்தது அதனால்தான். கோயிலில் கிடைத்துவந்த வருமானம் போனது. மரியாதையும் கூடவே போனது. இன்னொரு பக்கம், ருக்மிணி தேவி 1935-ல் சென்னை அடையாறில் மேடையேறி, 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் சபாக்களுக்குப் போனது. வீட்டுப் பிள்ளைகள் அரங்கேற்றம் செய்யும் கௌரவமான கலையானது. ஆடினால் இழிவு என்று ஒரு தெருவில் சொல்லப்பட்ட அதே அடவுகளுக்கு இன்னொரு தெருவில் ஃபீஸ் கட்டிச் சேர்ந்தார்கள். கலையை எடுத்துக்கொண்டவர்கள், அதைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். சில நட்டுவனார்களுக்கும் சில பெண்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைத்தது. விராலிமலை வரைக்கும் அது வரவில்லை.

முத்துக்கண்ணம்மாள் அடிவாரத்திலேயே இருந்தார். ஆட இடமில்லாத கலையை நினைவில் வைத்திருந்தார். வர்ணமும் பதமும் குறவஞ்சிப் பாட்டும் நோட்டும் அவர் உடம்பிலேயே இருந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள். தேவதாசிகளைப் பற்றி தவேஷ் சோனேஜி எழுதி 2012-ல் வெளியான ஆங்கில நூலில் விராலிமலைக்கும் முத்துக்கண்ணம்மாளுக்கும் முக்கியமான இடம் உண்டு. 2022-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அப்போது அவர் 80 வயதைத் தாண்டியிருந்தார். சட்டம் வந்து 75 ஆண்டுகள்.

சுருட்டுக்காக முருகன் ஒரே இரவில் கனவில் வந்தார். காளைக்காக லட்சக்கணக்கானவர்கள் கடற்கரையில் உட்கார்ந்தார்கள். சதிருக்காகக் கூட்டம் எதுவும் கூடவில்லை. கூடியிருந்தால் அந்தக் கூட்டம் எதைக் கேட்டிருக்கும் என்பதும் சிக்கல்தான். பொட்டுக் கட்டும் வழக்கம் திரும்ப வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அந்தப் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஓய்வூதியம், சொல்லிக்கொடுக்க நாலு மாணவிகள் என்று கேட்டிருக்கலாம். அது பெரிய கோரிக்கையே இல்லை. 32 பேரும் உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால், இன்று ஒவ்வொரு சிவராத்திரிக்கும் அடிவாரத்தில் குறவஞ்சி நடந்துகொண்டிருக்கும்.

விராலிமலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் போகும் பேருந்துகளில் விராலிமலையில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் தேரோட்டம், கூட்டம் அதிகம். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண நாளில், வெயில் ஏறும் முன் போவது நல்லது. வழியில் இடும்பன் சந்நிதியும் சந்தனக்கோட்டமும் வரும். உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நெடுஞ்சாலை, ஆலைக் கூரைகள். மறுபக்கம் கண்மாய்களும் கடலைக் கொல்லைகளும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் கொடும்பாளூர் மூவர் கோயிலையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். சதிரைப் பார்க்க வேண்டும் என்றால் இணையத்தில் முத்துக்கண்ணம்மாள் என்று தேடுங்கள். வயதான காலத்தில், அவரே பாடிக்கொண்டு அவரே ஆடும் காணொளிகள் கிடைக்கும்.